ப்ராக் நகருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

செக் குடியரசின் தலைநகரான ப்ராகுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால், அழகைச் சொன்ன கையோடு கூட்டத்தைப் பற்றியும் புலம்புவார்கள். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கூட்டம் முழுவதும் ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது: பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம், கோட்டை, இந்த மூன்றையும் இணைக்கும் சந்துகள். அதுவும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை. அந்த நேரத்தை ஊரின் மற்ற பக்கங்களில் கழித்துவிட்டு, விடிகாலையிலும் ராத்திரியிலும் பழைய நகரத்துக்குள் நுழைகிறவர்களுக்குக் கிடைப்பது வேறு ஊர். கீழே சொல்லும் யோசனைகளில் பாதி, எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதைப் பற்றியவை.

இரண்டாம் உலகப் போரில் பெரிய அழிவில்லாமல் தப்பிய ஐரோப்பியத் தலைநகரங்களில் ப்ராக் ஒன்று. அதனால்தான் ஒரே தெருவில் பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரமும் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையும் தோளோடு தோள் நிற்கின்றன. பழைய நகரப் பகுதி 1992-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குண்டே விழவில்லை என்று சொல்ல முடியாது. 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் என்று நினைத்து அமெரிக்க விமானங்கள் இங்கே குண்டு போட்டன. அதில் காலியான ஆற்றோர மனை ஒன்றில்தான், இன்று எல்லோரும் படம் எடுக்கும் 'நடனமாடும் வீடு' நிற்கிறது.

விசாவும் பருவமும்

செக் குடியரசு ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா இல்லாமலே 90 நாள் வரை இருக்கலாம். ப்ராகோடு வியன்னா, புடாபெஸ்ட் என்று சேர்த்துப் போகிறவர்கள்தான் அதிகம். அப்படியானால் எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால், முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அதனிடம்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போவதாக இருந்தால் அந்த ஆறு மாதக் கணக்கைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு.

எந்த மாதம் என்று கேட்டால் மே அல்லது செப்டம்பர் என்பேன். ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், கூட்டமும் இருக்கும். டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தைகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், வெயில் ஊர்க்காரர்களுக்குக் கை விறைத்துப்போகும். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம்.

பணம்: ஏமாறுகிற இடம் இதுதான்

இங்கே யூரோ கிடையாது, கொருனா. ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா கிடைக்கும். ரூபாய்க் கணக்குக்கு, விலையை நாலால் பெருக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். சுற்றுலாக் கடைகளில் யூரோவையும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

முதல் விதி: கையில் கட்டுக்கட்டாகக் காசு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஃபோரெக்ஸ் கார்டோ, வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவைத்த டெபிட் கார்டோ கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் தட்டினால் போதும். சில்லறைக்கு மட்டும் கொஞ்சம் ரொக்கம் எடுங்கள். பொதுக் கழிப்பறைக்கும் சந்தைக் கடைக்கும் நாணயம் தேவைப்படும்.

இரண்டாவது விதி: ரொக்கம் எடுப்பதானால் உள்ளூர் வங்கிக் கிளையின் சுவரில் இருக்கும் ஏடிஎம்மில் எடுங்கள். சதுக்கத்து முனைகளிலும் நினைவுப்பொருள் கடை வாசலிலும் நிற்கும் தனி ஏடிஎம்களைத் தாண்டிப் போய்விடுங்கள். எந்த இயந்திரமானாலும், "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழித்துக்கொள்ளட்டுமா?" என்று கரிசனமாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். கொருனாவிலேயே கழியட்டும், மாற்று விகிதத்தை நம் வங்கி பார்த்துக்கொள்ளும். கடையில் கார்டு தட்டும்போதும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

மூன்றாவது, பணமாற்றுக் கடைகள். வாசலில் 'கமிஷன் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கமிஷன் இல்லைதான், அதற்குப் பதில் விகிதத்திலேயே கைவைத்திருப்பார்கள். "நூறு யூரோ கொடுத்தால் என் கையில் எத்தனை கொருனா வரும்?" என்று கேட்டு, எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பணத்தை நீட்டுங்கள். 2019 ஏப்ரலில் வந்த சட்டப்படி, 1,000 யூரோவுக்கு உட்பட்ட மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்துசெய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீது வேண்டும், அதனால் ரசீதைக் கசக்கி எறியாதீர்கள்.

நான்காவதாக, தெருவில் நின்று "நல்ல ரேட் தருகிறேன்" என்று அணுகும் ஆள். இவர் கொடுக்கும் நோட்டு ஹங்கேரியின் ஃபோரின்டாக இருக்கும். ஆயிரம் கொருனா நாற்பது யூரோ பெறும். ஆயிரம் ஃபோரின்ட் மூன்று யூரோகூடப் பெறாது. புதிதாக வருகிறவருக்கு இரண்டும் புரியாத எழுத்தில் அச்சடித்த தாள்தான். அதனால் முகங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 100 கொருனாவில் நான்காம் சார்லஸ் மன்னர், 500-இல் எழுத்தாளர் பொஷெனா நெம்ட்சோவா என்ற பெண்மணி, 1000-இல் தாடி வைத்த வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி. இந்த மூன்று நோட்டுகளில் வேறு முகம் இருந்தால் வாங்காதீர்கள்.

எங்கே தங்குவது

நகரம் எண் போட்ட வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. ப்ராக் 1 என்பது மையம். அங்கே தங்க ஆசைதான் வரும். ஆனால் பழைய நகரத்தின் சில தெருக்களில் பீர் குடிக்கவே விமானம் ஏறி வந்த கும்பல்கள் ராத்திரி இரண்டு மணிக்கும் பாடிக்கொண்டு போகும். போதாததற்கு எல்லாத் தெருவிலும் கருங்கல் பாவியிருக்கிறது. சக்கரப் பெட்டியை அரை கிலோமீட்டர் இழுத்தால் சக்கரம் கையோடு வரும்.

என் வோட்டு வினோஹ்ரதிக்கு. ப்ராக் 2, 3 வட்டாரங்களில் பரவிக்கிடக்கும் பழைய குடியிருப்புப் பகுதி அது. மரங்கள், பூங்காக்கள், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் உணவகங்கள் எல்லாம் உண்டு, மெட்ரோவில் ஏறினால் பழைய நகரம் பத்து நிமிடம். அங்குள்ள நாமியெஸ்தி மீரு நிலையம் தரைக்கு 53 மீட்டர் கீழே இருக்கிறது. நகரும் படிக்கட்டில் ஏறி நின்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஜிஷ்கோவ், புதுசாக இருக்க வேண்டும் என்றால் கர்லீன்.

வீடு தேடும்போது ஒரு குழப்பம் வரும். ப்ராகில் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு எண் பலகைகள், சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. சிவப்பு அந்தப் பகுதி முழுவதற்குமான பதிவு எண், தெருவின் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெருவில் வரிசையாக வருவது நீல எண். முகவரியில் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதியிருந்தால், நீலப் பலகையைப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, இஸ்தான்புல், ஃப்ராங்க்ஃபர்ட் என்று எங்காவது மாறித்தான் வர வேண்டும். இறங்குவது வாட்ஸ்லாவ் ஹாவெல் விமான நிலையத்தில். நாடக ஆசிரியராக இருந்து, சிறைக்குப் போய், பிறகு நாட்டின் தலைவரானவரின் பெயர் அது.

வாசலிலேயே 59-ஆம் எண் டிராலிபஸ் நிற்கும். ஏறி நாத்ரஜி வெலெஸ்லவீன் நிறுத்தத்தில் இறங்கி, பச்சை நிற ஏ தடத்து மெட்ரோவில் மாறினால் நேராக மையம். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம், ஒரே 90 நிமிட டிக்கெட். ராத்திரி நேரத்தில் குழந்தை குட்டிகளோடு வந்தால் போல்ட், ஊபர் போன்ற செயலி வழி கார் எடுங்கள். தெருவோரம் நிற்கும் டாக்சியில் மட்டும் பேரம் பேசி ஏறாதீர்கள்.

டிக்கெட் முறை எளிது, ஆனால் அதில்தான் அபராதமும் காத்திருக்கிறது. மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 30 நிமிடம், 90 நிமிடம், ஒரு நாள், மூன்று நாள் என்று நேரக் கணக்கில் வாங்க வேண்டும். காகித டிக்கெட் வாங்கினால் அது வெறும் தாள்தான். மெட்ரோ வாசலில் உள்ள மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தினால்தான் டிக்கெட் ஆகும். முதல் பயணத்தில் ஒரு தடவை குத்தினால் போதும். மெட்ரோவில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது என்பதால், யாரும் பார்ப்பதில்லை என்று தோன்றும். சாதாரண உடையில் இருக்கும் பரிசோதகர் படிக்கட்டு முடிகிற இடத்தில் நின்று உள்ளங்கையில் பேட்ஜைக் காட்டுவார். "நான் வெளியூர், தெரியாது" என்பது அவர் தினமும் கேட்கும் பதில். அபராதம் ஆயிரம் கொருனாவுக்குக் குறையாது.

டிராமுக்குள் இருக்கும் கார்டு இயந்திரத்திலும் வாங்கலாம். அதில் வாங்கும் டிக்கெட்டுக்கு முத்திரை தேவையில்லை, வாங்கிய நிமிடத்திலிருந்தே நேரம் ஓடும். மூன்று நாளோ அதற்கு மேலோ இருக்கப் போகிறவர்கள் மூன்று நாள் டிக்கெட்டை வாங்கிவிட்டு அந்தக் கவலையை மறந்துவிடுவது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். இங்கே டிராமுக்குத்தான் முதலிடம், பாதசாரிகள் கடக்கும் கோட்டில் நீங்கள் நின்றாலும் அது உங்களுக்காக நிற்க வேண்டியதில்லை. மெட்ரோவில், கதவு மூடும் முன் "உகோன்செதே ப்ரோசீம் வீஸ்துப் அ நாஸ்துப்" என்று ஒரு குரல் வரும். இறங்கி ஏறுவதை முடித்துக்கொள்ளச் சொல்கிறது. அதைக் கேட்ட பிறகு பாயாதீர்கள், கதவு யாருக்கும் இரக்கம் காட்டாது. நள்ளிரவுக்கு மேல் மெட்ரோ நின்றுவிட்டாலும் டிராம் விடிய விடிய ஓடும்.

முதல் நாள் காலை ஆறு மணி

நம் ஊருக்கும் ப்ராகுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அதனால் முதல் சில நாட்கள் உங்களுக்கு விடியும் முன்பே விழிப்புத் தட்டிவிடும். இதைத் தொந்தரவாக நினைக்காமல் அப்படியே எழுந்து சார்லஸ் பாலத்துக்குப் போய்விடுங்கள்.

நான்காம் சார்லஸ் காலத்தில் 1357-இல் தொடங்கிய பாலம், முடிந்தது பதினைந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். நீளம் 516 மீட்டர். அடிக்கல் நாட்டிய நேரம் 1357, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், 5 மணி 31 நிமிடம் என்பார்கள். எழுதிப் பார்த்தால் 135797531, ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். ஜோசியர்கள் குறித்த முகூர்த்தம் என்று கதை. உண்மையோ இல்லையோ, நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும் கதை.

இரு பக்கமும் முப்பது சிலைகள். பெரும்பாலானவை பிரதிகள், அசல்களைப் பத்திரமாக உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். அவற்றில் நின்று பார்க்க வேண்டியது நெபோமுக் யோவான் என்ற பாதிரியாரின் சிலை. 1393-இல் மன்னரின் ஆட்கள் இவரை ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். 1683-இல் வைத்த அவரது வெண்கலச் சிலைதான் பாலத்தில் மிகப் பழையது. தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும். கீழே பீடத்தில் இரண்டு புடைப்புப் பலகைகளைப் பாருங்கள். பலகை முழுக்கக் கறுத்துக் கிடக்க, ஒன்றில் கவிழ்ந்து விழும் யோவானும் மற்றதில் ஒரு நாயும் மட்டும் தங்கம் போல் மின்னும். தொட்டால் நல்லது நடக்கும் என்று வருகிறவர்கள் எல்லாம் தடவித் தடவித் தேய்ந்த மினுமினுப்பு அது. நாயைத் தொடுவது எப்போது வழக்கமானது, ஏன் என்பதற்கு உள்ளூர்க்காரர்களும் தோளைக் குலுக்குவார்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் இதைத் தொட வரிசை நிற்கும். ஆறு மணிக்கு, வலை வீசுவது போல் கேமராவோடு அலையும் நான்கைந்து பேரும் ஒரு கல்யாண ஜோடியும் மட்டும் இருப்பார்கள்.

கடிகாரம்

பழைய நகர மண்டபத்துச் சுவரில் இருக்கும் வானியல் கடிகாரம் 1410-ஆம் ஆண்டினது. காலை 9 மணி முதல் இரவு 11 வரை மணிக்கொரு தடவை மேலே ஜன்னல்கள் திறந்து இயேசுவின் பன்னிரண்டு சீடர்களின் பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 'இவ்வளவுதானா?' என்று முணுமுணுப்பு எழும். அந்த ஒரு நிமிடம் எல்லோரும் அண்ணாந்து நிற்பது ஜேப்படிக்காரர்களுக்குத் தெரியும் என்பதால் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

பொம்மைகளைவிடச் சுவாரசியம் கீழே இருக்கும் முகப்புத்தான், அதற்கு மணி அடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. சூரியன் எந்த ராசியில், சந்திரன் எந்த ராசியில் என்று காட்டும் வளையம் ஒன்று இருக்கிறது. மேஷத்திலிருந்து மீனம் வரை சின்னங்களைப் பார்த்ததும் நமக்கு அடையாளம் தெரியும். வெளியே ஓரத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள். அது பழைய செக் நேரம். அந்தக் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய அஸ்தமனத்தில். அஸ்தமனம் தினம் மாறுவதால் அந்த வளையமும் ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தக் கடிகாரத்தைச் செய்தவர் இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று கண்ணைக் குத்திவிட்டார்கள் என வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். அது பிற்காலக் கட்டுக்கதை.

அதே மண்டபத்தின் கிழக்குப் பக்கத் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று, அப்போது நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்த 27 பேரை இங்கே வைத்துத் தண்டித்தார்கள். பெரும்பாலானோர் மிதித்துக்கொண்டே போவார்கள்.

கோட்டை: மேலிருந்து கீழே

பாலத்தைத் தாண்டி, படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிக் கோட்டைக்குப் போவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் 22-ஆம் எண் டிராமில் ஏறி, கோட்டை நிறுத்தத்தையும் தாண்டி போஹோர்ஷெலெட்ஸ் வரை போய் இறங்குங்கள். அங்கிருந்து எல்லாமே இறக்கம்: ஸ்ட்ராஹோவ் மடாலயம், கோட்டைச் சதுக்கம், கோட்டை, கடைசியில் படிக்கட்டு வழியாக ஆற்றங்கரை. முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அந்த 22-ஆம் எண் டிராமில் மட்டும் பர்ஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனை இருக்கலாம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே உள்ள கட்டடங்களுக்குத்தான் டிக்கெட். அது இரண்டு நாள் செல்லும் என்பதால் ஒரே மூச்சில் முடிக்க அவசரப்பட வேண்டாம். புனித வீட்டுஸ் பேராலயத்தைத் தொடங்கியது 1344, முடித்தது 1929. ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள்.

பழைய அரண்மனையை யாரும் தவறவிட வேண்டாம். அதில் விளதிஸ்லாவ் மண்டபம் என்ற மாபெரும் கூடம். மழைக்காலத்தில் குதிரை வீரர்கள் உள்ளேயே ஈட்டிப் போட்டி நடத்துவார்களாம், அதற்காகவே குதிரை ஏறும்படி அகலமான படிகள் கட்டியிருக்கிறார்கள். கூடத்தின் பக்கத்து அறையில் ஒரு ஜன்னல். 1618 மே 23 அன்று புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், பேரரசரின் இரண்டு ஆளுநர்களையும் ஒரு எழுத்தரையும் இது வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள். தேவதைகள் தாங்கினார்கள் என்றது கத்தோலிக்கத் தரப்பு, குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறுதரப்பு. ஐரோப்பாவைக் குலைத்துப்போட்ட முப்பதாண்டுப் போர் இதிலிருந்துதான் மூண்டது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால், பிழைத்தது அதிசயம்தான் என்று நீங்களும் சொல்வீர்கள்.

பொன் சந்து எனப்படும் பொம்மை வீட்டு வரிசையில் 22-ஆம் எண் நீல வீட்டில் 1916, 17-இல் காஃப்கா உட்கார்ந்து எழுதினார். வீட்டுக்குள் இப்போது கடை. எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

யூதர் பகுதியும் அதன் பக்கத்தில் ஒரு கட்டடமும்

யோசெஃபோவ் என்ற பழைய யூதர் பகுதிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சனிக்கிழமை மூடியிருக்கும், திட்டம் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பின்காஸ் தொழுகைக் கூடத்தின் சுவர்களில் படம், சிற்பம் எதுவும் இல்லை, பெயர்கள் மட்டும். நாஜிகள் கொன்ற, செக் நாட்டின் பகுதிகளான போஹிமியா, மொராவியாவின் யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில், ஆட்களின் பெயரும் பிறந்த தேதியும் கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரியும் தேதியும் கறுப்பில். தூரத்திலிருந்து சாம்பல் நிறச் சுவர் என்று நினைப்பீர்கள், கிட்டே போனால்தான் எழுத்து தெரியும்.

பின்னாலேயே பழைய இடுகாடு. யூதர்களுக்கு வேறு நிலம் கொடுக்காததால், மண் கொட்டி மேடாக்கி ஒருவர் மேல் ஒருவராகப் புதைத்தார்கள், சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. கல்லறைக் கற்கள் சாய்ந்து, ஒன்றன் மேல் ஒன்று முட்டி நிற்பதன் காரணம் அதுதான். ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி வாசலிலேயே கிடைக்கும்.

வெளியே வந்து ஆற்றுப் பக்கம் நடந்தால் யான் பலாக் சதுக்கம். சோவியத் படைகள் 1968-இல் நாட்டுக்குள் நுழைந்ததையும், மக்கள் அதற்குப் பழகிப்போவதையும் எதிர்த்து, 1969 ஜனவரியில் தன் உடலில் தீ வைத்துக்கொண்ட இருபது வயது மாணவர் அவர். சதுக்கத்தை ஒட்டி நிற்பது அவர் படித்த சார்லஸ் பல்கலைக்கழகக் கலைப் புலம். 1348-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. திராவிட மொழியியலிலும் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் பெரும் பணி செய்த கமில் சுவெலபில் பிறந்தது இந்த ஊரில், படித்தது இங்கே. 1968-க்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். அவருக்குப் பின் யாரோஸ்லாவ் வாச்செக் இங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார். சுற்றுலா வரைபடத்தில் இதெல்லாம் இருக்காது.

சாப்பாடு

சைவக்காரர்களுக்கு முதலில். செக் சமையல் பன்றி, மாடு, வாத்து என்று போகும். காய்கறிச் சூப்பில்கூட எலும்புச் சாறு இருக்கலாம். "பெஸ் மசா" என்றால் இறைச்சி இல்லாமல். அதைச் சொல்லிவிட்டு, மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். எந்த உணவகத்திலும் கிடைக்கும் சைவப் பதார்த்தம் ஸ்மஜெனி சீர்: தடிமனான சீஸ் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, உருளைக்கிழங்கோடு தருவார்கள். ப்ரம்போராக் என்பது பூண்டும் மூலிகையும் போட்ட உருளைக்கிழங்கு அடை, முட்டை சேர்ப்பார்கள். பழம் வைத்த கொழுக்கட்டை மேல் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தூவித் தருவதை இங்கே இனிப்பாக இல்லாமல் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். இந்திய உணவகங்களும், தட்டை எடை போட்டு விலை சொல்லும் சைவ பஃபே கடைகளும் மையத்திலேயே உண்டு.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்விச்கோவா: க்ரீம் கலந்த காய்கறிக் குழம்பில் மாட்டிறைச்சி, தொட்டுக்கொள்ள ஆவியில் வெந்த மாவு உருண்டைத் துண்டுகள். குழம்பு லேசாக இனிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் 'பொலெத்னி மெனு' என்று கரும்பலகையில் எழுதியிருக்கும் கடைக்குள் நுழையுங்கள். அலுவலகம் போகிறவர்களுக்கான மதியச் சாப்பாடு, மாலையில் அதே கடையில் ஆகும் செலவைவிட நன்றாகவே குறைவு.

பீர்க் கடைகளில் மேஜைமேல் ஒரு சீட்டை வைத்து, கொண்டுவரும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கோடு போடுவார்கள். அதுதான் உங்கள் கணக்கு, கிறுக்கவோ தொலைக்கவோ கூடாது. பல கடைகளில் தண்ணீர் பாட்டிலைவிட பீர் மலிவு. குடிக்காதவர்கள் கோஃபோலா கேளுங்கள், கம்யூனிஸ்ட் காலத்தில் கோலாவுக்குப் பதிலாகத் தயாரித்த மூலிகை வாசனைப் பானம். கேட்காமலே மேஜையில் வைக்கும் ரொட்டிக்குக் காசு உண்டு. பத்து சதவீதம் டிப்ஸ் தாராளம். குழாய்த் தண்ணீர் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொண்டு நடங்கள்.

தெருவெங்கும் கனலில் சுற்றிச் சுடும் டிரெடெல்னிக் என்ற இனிப்பு ரொட்டியை 'பழைய ப்ராக் பாரம்பரியம்' என்று விற்பார்கள். இங்கே அது வந்து பெருகியது சுற்றுலாக்காரர்களுக்காகத்தான். ருசியாகத்தான் இருக்கும், பாரம்பரியம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

எந்தச் சின்னக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "தோப்ரீ தென்" என்று வணக்கம் சொல்லுங்கள். செக் மக்கள் சிரித்துப் பேசுவதில்லை என்று குறைபடுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டவர்கள்.

நண்பகலில் எங்கே ஒளிவது

கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது விஷெஹ்ராத் போங்கள். மெட்ரோ சி தடத்தில் அதே பெயரில் நிலையம். ஆற்றுக்கு மேலே பாறை மேல் பழைய கோட்டைச் சுவர், அதில் நடந்தால் கீழே வல்தவா ஆறு. உள்ளே உள்ள கல்லறைத் தோட்டத்தில் இசைமேதைகள் ட்வோர்ஷாக், ஸ்மெதனா, ஓவியர் முஹா எல்லோரும் இருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. மாலையில் லெட்னா பூங்கா: அங்கிருந்து ஆற்றின் பாலங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டித் தெரியும்.

மூன்று நாளுக்கு மேல் இருந்தால் ஒரு நாள் குத்னா ஹோராவுக்குக் கொடுங்கள். தலைமை ரயில் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர், அந்தப் பணத்தில் எழுந்ததுதான் புனித பார்பரா ஆலயம். செட்லெட்ஸ் பகுதியில் மனித எலும்புகளால் அலங்கரித்த சிற்றாலயம் இருக்கிறது. உள்ளே படம் எடுக்க 2020 முதல் தடை. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

கிளம்பும் நாள்

மிச்சமிருக்கும் நாணயங்களை ஊருக்குள்ளேயே செலவழித்துவிடுங்கள், பணமாற்றுக் கடைகள் நோட்டைத்தான் வாங்கும். கடவுச்சீட்டுச் சோதனைக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் எல்லைகளில் இப்போது கைரேகை, முகப்படம் என்று கணினிப் பதிவு வந்திருப்பதால் வரிசை நீளும் நாட்கள் உண்டு. வந்த வழியே மெட்ரோ ஏ, அப்புறம் 59. நிலையத்தில் இரண்டு முனையங்கள், இரண்டுக்கும் தனித்தனி நிறுத்தம். துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாகப் போகிறவர்கள் முனையம் 1-இல் இறங்க வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட் போல ஷெங்கன் நாட்டு நகரம் வழியாக என்றால் முனையம் 2. மாறி இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம், இரண்டுக்கும் நடுவே உள்ளேயே நடந்து போய்விடலாம்.